சிவந்ததெல்லாம் சிவப்பு ஓக் அல்ல

நாங்கள் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். தமிழ்நாட்டில் வெயில் ஏறிக்கொண்டிருக்கும் அந்தப் பங்குனி, சித்திரை நாட்கள் தென்னாப்பிரிக்காவில் இலையுதிர்காலம். தெருவோர ஓக் மரங்கள் கொட்டைகளை உதிர்க்கத் தொடங்கியிருக்கும். காருக்கு மேல் ஒன்று விழுந்தால் யாரோ கல்லெறிந்த மாதிரி சத்தம் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன், அப்படியொரு மார்ச் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு ஆயா ஒரு பழைய டின்னோடு வந்தார். அவர் குடும்பம் இங்கே வந்து நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. தமிழ் அவருக்குப் பாட்டாகவும் சமையலாகவும்தான் மிச்சம். ஆனாலும் என்னிடம் விடாமல் தமிழில்தான் பேசுவார். டின்னுக்குள் ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி. "தம்பி, இது ஓக்குதானே? எந்த ஓக்கு?" என்றார். உச்சியில் இருந்த இலைகள் செக்கச்செவேல் என்றிருந்தன. நான் யோசிக்கவே இல்லை. "சிவப்பு ஓக், ஆயா" என்றேன்.

தப்பு. அதுவும் தப்பு பெயரில் மட்டும் இல்லை. அந்தச் சிவப்பே இலையுதிர்காலச் சிவப்பு இல்லை. எங்கே சறுக்கினேன் என்று தேடிப் பார்த்தபோது, இதே தப்பை இங்கே எல்லோரும் செய்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எது ஓக், எது ஓக் இல்லை

ஆல், அரசு, அத்தி மூன்றும் பார்ப்பதற்கு வேறு வேறு மரங்கள். ஆனால் தாவரவியலில் மூன்றும் ஃபைகஸ் என்ற ஒரே பேரினம். பேரினம் என்றால் நெருங்கிய பங்காளி இனங்களின் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓக்கும் அப்படித்தான். அது ஒரு மரத்தின் பெயர் இல்லை. குவெர்க்கஸ் என்ற பேரினத்தில் உள்ள ஏறக்குறைய 450 இனங்களுக்கும் பொதுப்பெயர். எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம், சின்னக் கிண்ணத்தில் உட்கார வைத்தது போன்ற கொட்டை.

அகராதியில் இதற்குக் கருவாலி என்று ஒரு சொல் இருக்கிறது. யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, அதனால் ஓக் என்றே எழுதுகிறேன்.

நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் "ஓக் எங்களுக்குத் தெரியாதா, சில்வர் ஓக்தானே?" என்பார்கள். அது ஓக்கே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவில்லியா என்ற மரம் அது. அதன் இலை பெரணி மாதிரி கிழிந்திருக்கும், அடிப்பக்கம் வெள்ளி போல் பளபளக்கும், கொட்டையும் கிண்ணமும் கிடையாது. குடும்ப வழியில் பார்த்தால் அது தென்னாப்பிரிக்காவின் தேசிய மலரான புரோட்டியாவுக்குச் சொந்தம். ஓக்குக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை.

இன்னொரு குழப்பம் பிளேன் மரம். இந்த ஊர்த் தாவரவியல் பூங்காவில் அதற்கென்று ஒரு சாலையே இருக்கிறது. அதன் இலையும் வெட்டுவெட்டாக இருக்கும். ஆனால் ஆமணக்கு இலை போல, காம்பு சேரும் இடத்திலிருந்தே நரம்புகள் கைவிரல்களாக விரியும். ஓக் இலையில் நடுவே ஒரே ஒரு தண்டு நரம்புதான் ஓடும். பக்க நரம்புகள் மீன்முள் மாதிரி அதிலிருந்து பிரியும். ஈரப்பலா இலையைப் பார்த்திருந்தால் அந்த அமைப்பு புரிந்துவிடும்.

தமிழ்நாட்டைப் போலவே தென்னாப்பிரிக்காவிலும் ஓக் இயற்கையாகக் கிடையாது. எல்லாம் கொண்டுவந்து நட்டவை. 1679-இல் ஸ்டெல்லன்போஷ் நகரை நிறுவிய சைமன் வான் டெர் ஸ்டெல் அங்கே ஐரோப்பிய ஓக் மரங்களை நடச் செய்தார். இன்றும் அந்த ஊருக்கு ஓக் நகரம் என்று ஆப்பிரிகான்ஸ் மொழியில் செல்லப்பெயர் உண்டு. கேப் பகுதியின் இதமான வானிலையில் மரம் மளமளவென்று வளர்ந்துவிட்டதால் கட்டை உறுதியில்லாமல் போனது, ஒயின் பீப்பாய்க்கு ஆகவில்லை என்பார்கள். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நடுவில் பீப்பாய்க்கு உதவாத ஓக்!

ஆக, கிண்ணத்தில் கொட்டை, மீன்முள் நரம்பு இரண்டும் இருந்தால் ஓக். இந்த நாட்டில் எந்த ஓக் நாற்றைக் கண்டாலும் அதன் தாய் யாரோ நட்ட மரம், அல்லது அப்படி நட்டதன் வாரிசு. எங்கள் தெருவில் அதிகம் தென்படுபவை இரண்டு: ஐரோப்பாவின் இங்கிலீஷ் ஓக், வட அமெரிக்காவின் பின் ஓக். டவுன் ஹில் ஏறி ஹில்டன் பக்கம் போனாலும் இவைதான் கண்ணில் படும்.

நாற்று, மரத்தின் சின்னப் படம் இல்லை

பலாக்கன்று வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வளர்ந்த பலாவின் இலை முழுசாக, வழவழவென்று இருக்கும். கன்றின் இலையிலோ பல சமயம் ஆழமான வெட்டு இருக்கும். "இது பலாவே இல்லை, ஏமாற்றிவிட்டான்" என்று நர்சரிக்காரரைத் திட்டியவர்கள் உண்டு. ஓக்கில் இது தலைகீழ். வளர்ந்த மரத்தில் ஆழமான வெட்டு. நாற்றின் முதல் இலைகளில் லேசான அலை மட்டும். படத்தில் உள்ள பெரிய மர இலையோடு நாற்றின் இலையை ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

இங்கே இரண்டு சொற்கள் தேவை. இலை விளிம்பில் வெளியே துருத்தி நிற்கும் பகுதி மடல். இரண்டு மடலுக்கு நடுவே உள்வாங்கிய பள்ளம் குழிவு. சட்டைக் கழுத்துக்கு வெட்டுவது போல் குழிவு எவ்வளவு ஆழம் என்பதுதான் பெரிய மரத்தில் முக்கியக் குறிப்பு. நாற்றில் அதை நம்ப முடியாது.

வெளிச்சமும் சேர்ந்து குழப்பும். ஒரே மரத்தில், வெயில் நேராகப் படும் உச்சி இலைகள் சின்னதாக, தடித்து, ஆழமான குழிவோடு இருக்கும். நிழலில் உள்ள கீழ் இலைகள் அகலமாக, மெல்லியதாக, குழிவு குறைந்து இருக்கும். நாற்று பெரும்பாலும் மரத்தடி நிழலில்தான் முளைக்கிறது. வயதாலும் அகலம், நிழலாலும் அகலம்.

ஆயாவின் டின் செடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மண்ணிலிருந்து கிளம்பும் தண்டு தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிமன். கீழ்ப்பாதி மொட்டை, அங்கங்கே இலையாக வளராமல் நின்றுபோன சின்னச் செதில்கள் மட்டும். உச்சியில் நாலைந்து இலைகள் ஒரே இடத்திலிருந்து வந்தது போல் கொத்தாக நிற்கும். புளியங்கன்றில் பார்ப்பது போன்ற இரண்டு தடித்த பருப்பிலைகள் எங்கே? மேலே இருக்காது. விதைக்குள் உணவைச் சேர்த்து வைத்திருக்கும் முதல் இலைகளுக்கு வித்திலை என்று பெயர். புளியில் அவை மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மாங்கொட்டையில் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஓக் மாங்கொட்டைக் கட்சி.

நம் வேலைக்கு இது பெரிய உதவி. மண்ணை விரலால் லேசாக ஒதுக்கினால் தண்டின் அடியில் கொட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் வருடத்திலாவது. பிறப்புச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருக்கும் செடி!

சுருக்கமாக: நாற்றில் இலையின் அகலமும் குழிவின் ஆழமும் வயதுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மாறும். மாறாத ஒன்றைத் தேட வேண்டும்.

விளிம்பில் ஒரு மயிர்

அந்த மாறாத ஒன்று மடலின் நுனியில் இருக்கிறது. இலையை வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடல் நுனியில் நரம்பு விளிம்போடு நின்றுவிடுகிறதா, அல்லது விளிம்பைத் தாண்டி ஒரு மெல்லிய மயிராக நீள்கிறதா? அந்த நீட்சிக்கு நுனிமயிர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விரலால் தடவினால் லேசாக உறுத்தும்.

நுனிமயிர் இல்லாமல் மடல் உருண்டையாக முடிந்தால் அது பெரும்பாலும் வெள்ளை ஓக் குழு. நுனி கூர்மையாகி மயிரும் இருந்தால் சிவப்பு ஓக் குழு. ஓக்கில் வேறு குழுக்களும் இருக்கின்றன. தொடங்குபவருக்கு இந்த இரண்டு போதும். இந்த வெள்ளை, சிவப்பு எல்லாம் இலையின் நிறத்தைச் சொல்பவை அல்ல, அறுத்த கட்டையின் சாயலை ஒட்டி வந்த பெயர்கள். வெள்ளை ஓக் கட்டையின் நுண்குழாய்கள் அடைபட்டுப் போவதால் அதில் செய்த பீப்பாய் ஒழுகாது. சிவப்பு ஓக்கின் குழாய்கள் திறந்தே இருக்கும். சின்னத் துண்டு ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும்.

இங்கிலீஷ் ஓக் வெள்ளைக் குழு. அதன் மடல்கள் குழந்தை வரைந்த மேகம் மாதிரி உருண்டையாக இருக்கும். காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. இலை காம்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காதுமடல் போல் சின்ன மடிப்பு இருக்கும். இந்தக் காது நாற்றின் முதல் இலைகளில் சரியாகத் தெரியாமல் போகலாம். அடுத்த வருட இலைகளில் பார்க்கலாம். கொட்டை நீளவாக்கில் 2 முதல் 3 சென்டிமீட்டர்.

பின் ஓக் சிவப்புக் குழு. காம்பு நீளமாக, மெல்லியதாக இருக்கும். பெரிய மர இலையில் குழிவு நடுநரம்பு வரைக்கும் தொட்டுவிடும் போல ஆழம். நாற்றில் அவ்வளவு இல்லை, ஆனால் முனைகள் கூராக இருக்கும், நுனிமயிரும் தெரியும். கொட்டை உருண்டையாக, 1 சென்டிமீட்டரை ஒட்டி, தட்டு மாதிரி ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்.

குழுவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிவப்பு ஓக்கும் ஒன்று உண்டு. அதன் இலை அகலம், குழிவு பாதி தூரத்தோடு நின்றுவிடும், கொட்டையும் பின் ஓக்கைவிட நன்றாகப் பெரியது. பின் ஓக்கையும் இதையும் முதல் வருட நாற்றில் இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது சிரமம். கொட்டையைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

முளைக்கும் காலத்திலும் இரு குழுக்களும் வேறு. இங்கிலீஷ் ஓக் கொட்டை விழுந்த அந்த இலையுதிர்காலத்திலேயே வேரை நீட்டிவிடும்; தண்டு மட்டும் வசந்தம் வரை காத்திருக்கும். சிவப்புக் குழுக் கொட்டைகள் ஒரு குளிரைக் கடந்த பிறகுதான் அசையும். ஈரமான மரத்தடியில் மே மாதமே வால் முளைத்த கொட்டை கிடந்தால் எந்தக் குழு என்று ஊகிக்கலாம். இரண்டுக்கும் பொதுவானது, பலாக்கொட்டை போலவே காய்ந்தால் செத்துவிடும் என்பது. அலமாரியில் எடுத்து வைத்து அடுத்த வருடம் நடலாம் என்று நினைக்காதீர்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது

கீரைக் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பின் மஞ்சள் உள்ளேதான் இருக்கிறது, கீரையின் பச்சை அதை மூடியிருக்கிறது. இலையிலும் அப்படித்தான். வெயிலைப் பிடித்து உணவு சமைக்கும் பச்சை நிறப்பொருள் பச்சையம். அதற்கடியில் கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறப்பொருள்கள் கோடை முழுக்க மறைந்து கிடக்கின்றன. பகல் குறைந்து குளிர் வரும்போது மரம் பச்சையத்தை உடைத்து, அதிலிருந்து மீளும் சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. காலி பண்ணும் வீட்டிலிருந்து சாமான்களை எடுத்துப் போவது போல. பச்சை போனதும் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது. புதிதாக எதுவும் வந்து சேரவில்லை.

சிவப்பு அப்படி இல்லை. அது புதிதாகச் செய்யப்படுவது. நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டும் நிறம் அந்தோசயனின் வகை. இலையைச் சிவக்க வைப்பதும் அந்த வகைதான். அதைச் செய்ய இலையில் சர்க்கரை வேண்டும். இலையுதிர்காலத்தில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகிறது. உதிர் அடுக்கு என்பார்கள். இலை அந்த இடத்தில்தான் பிறகு கழன்று விழும். தடுப்பு உருவாக உருவாக, இலையிலிருந்து சர்க்கரை வெளியே போவது குறைகிறது. பகலில் நல்ல வெயில் அடித்தால் சர்க்கரை சேரும். இரவில் உறையாத அளவுக்குக் குளிர்ந்தால் அது அங்கேயே நிற்கும். இரண்டும் கிடைத்தால் சிவப்பு பிரமாதமாக வரும். இங்கே மிட்லண்ட்ஸ் மேட்டில் மே மாதம் இப்படித்தான்: பகலில் கண்ணைக் கூசும் வெயில், ராத்திரி கம்பளி. கடலோர டர்பனில் இரவும் வெதுவெதுப்பு. அங்கே அதே இனம் மங்கலாக முடிந்துவிடும்.

ஊரிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். வாதாமரம் இலை உதிர்க்கும் முன் செம்பாகச் சிவக்குமே, அதேதான்.

மூன்றாவது நிறம் பழுப்பு. எல்லாம் போனபின் இலையில் தங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. தேயிலைச் சாயம் நினைவிருக்கட்டும். இங்கிலீஷ் ஓக் பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்போடு நின்றுவிடும். பின் ஓக் செம்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை போகும்.

அப்படியானால் சிவப்பு என்றால் சிவப்புக் குழு என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. வட அமெரிக்காவின் வெள்ளை ஓக், பெயரிலேயே வெள்ளை உள்ள அந்த மரம், இலையுதிர்காலத்தில் ஒயின் சிவப்பாக மாறும். சிவப்பு ஓக் சில வருடம் வெறும் பழுப்போடு முடித்துக்கொள்ளும். மஞ்சள் வெளிப்படுவது, சிவப்பு செய்யப்படுவது, பழுப்பு மிஞ்சுவது. எது எவ்வளவு என்பதை இனம் பாதி, அந்த வருட வெயிலும் குளிரும் பாதியாகத் தீர்மானிக்கின்றன.

ஆயாவின் சிவப்பு எது?

மாந்தளிரை நினைத்துப் பாருங்கள். மாமரம் தளிர்க்கும்போது இலை செம்புநிறம், தொய்ந்து தொங்கும், பளபளப்பு. பிறகு பச்சையாகும். அதுவும் அந்தோசயனின்தான். இளம் ஓக் செடிகள் வசந்தத்தில் ஒரு தடவை தளிர்ப்பதோடு நிற்பதில்லை; தண்ணீர் ஊற்றிப் பராமரித்தால் கோடையின் நடுவிலோ பிற்பகுதியிலோ இன்னொரு தடவை தளிர்க்கும். இங்கிலீஷ் ஓக்கின் அந்த இரண்டாம் தளிர் பெரும்பாலும் சிவந்தே வரும்.

ஆயா தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்த செடி அது. மார்ச் மாதத்தில் உச்சியில் மட்டும் சிவப்பு, கீழ் இலைகள் பச்சை. நான் கீழே பார்க்கவே இல்லை. சிவப்பு இலையைத் தொட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்: தளிர் மெத்தென்று மடங்கும், முதிர்ந்த இலை காகிதம் போல் சரசரக்கும். ஒரு மாதம் கழித்து ஆயா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சிவப்பு எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார். இலையெல்லாம் பச்சை. அதன் மேல் விபூதி பூசியது போல வெள்ளைப் பூஞ்சை வேறு. இங்கிலீஷ் ஓக்கின் இளம் இலைகளில் இந்தச் சாம்பல் நோய் அடிக்கடி வரும். அதுவும் ஒரு குறிப்பு.

பொய் இலையுதிர்காலம் காட்டும் வேறு காரணங்களும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பின் ஓக்குக்கு இரும்புச்சத்து கிடைக்காது. நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் கோடையிலேயே வெளுக்கும். தண்ணீர் இல்லாமல் போனாலும் விளிம்பு கருகும். இந்த ஊருக்கென்று ஒரு துயரமும் சேர்ந்திருக்கிறது: எள் அளவே உள்ள, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த துளைப்பான் வண்டு ஒன்று தென்னாப்பிரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான், 2017-இல், நான் மேலே சொன்ன தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில். அது தன்னோடு கொண்டுவரும் பூஞ்சை மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடும். இங்கிலீஷ் ஓக்கும் அதற்குப் பிடித்த மரம். ஜனவரியில் ஒரு கிளை மட்டும் பழுத்திருந்தால் பருவத்தை யோசிக்காதீர்கள், பட்டையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் இப்போது பார்க்கும் வரிசை

முதலில் மண்ணை ஒதுக்கிக் கொட்டை. அப்புறம், செடியின் நடுவில் உள்ள நன்றாக முதிர்ந்த இலை ஒன்றில் நுனிமயிர். அடுத்து காம்பின் நீளம், அடியில் காது. சுற்றிலும் தலையைத் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் என்ன தாய்மரம் நிற்கிறது என்பது. நிறத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன், அதுவும் மே மாதத்தில், எல்லா இலையும் சேர்ந்து மாறுகிறதா என்று. ஓக்குகள் தங்கள் குழுவுக்குள் எளிதாகக் கலப்பு செய்துகொள்பவை. அதனால் எல்லாம் பார்த்தபின்னும் சில நாற்றுகளுக்கு, குழுவின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வதே மரியாதை.

ஜூன், ஜூலையில் நாற்று காய்ந்த இலைகளை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றால் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். இளம் ஓக்குகளும் பெரிய மரத்தின் தாழ்ந்த கிளைகளும் அப்படித்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரியும்.

அந்த செப்டம்பரில் ஆயாவின் செடியை டின்னிலிருந்து கழற்றினோம். மேலே ஒரு சாண்தான். ஆணிவேரோ டின்னின் அடியை முட்டி, வளைந்து, இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வேரின் கழுத்தில் கறுத்துப்போன கொட்டையின் ஓடு, நீளவாக்கில், என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிது. ஆயா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெயின்ட் வாளி ஒன்றை எடுத்துவந்து, அடியில் ஓட்டை போடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.